பூர்வகுடி மக்களின் மண்ணில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை: அதிபர் கற்கத் தொடங்குவது எப்படி

மெல்பேர்னின் வடகிழக்குப் புறநகரில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலைக்கு நான் அதிபர். அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் தலைமைப் பொறுப்புக்கு வரும் தமிழ் ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். பூர்வகுடி மக்களின் பண்பாட்டைப் பாடசாலைக்குள் கொண்டுவர வேண்டும், அவர்களோடு உறவை வளர்க்கப் பாடசாலை என்ன செய்யும் என்று சொல்லும் நல்லிணக்கத் திட்டம் எழுத வேண்டும், எங்கே தொடங்குவது?

பாடசாலையில் இப்போதைக்கு எதையும் தொடங்காதீர்கள் என்பேன். சுவரோவியம் வேண்டாம், விழா வேண்டாம், குழு அமைக்கவும் வேண்டாம். முதலில் நீங்கள் மாணவராகுங்கள். அதிபர் வேலை நம்மை எப்போதும் கொடுக்கிற ஆளாகவே பழக்கிவிடுகிறது. காலைச் செபத்தைத் தொடங்குவது நாம், கூட்டத்தை முடிப்பது நாம், அழுகிற பெற்றோருக்குப் பதில் சொல்வதும் நாம். நாளடைவில் கடவுளிடமும் நிகழ்ச்சிநிரலோடு போகத் தொடங்கிவிடுகிறோம். எனக்கு அந்தப் பழக்கத்தை உடைத்தது பூர்வகுடி மக்களிடமிருந்து பெற்றுக்கொள்ளக் கற்றதுதான். ஆகவே இந்த வழிகாட்டி முதலில் உங்கள் உள்ளத்துக்கு, அப்புறம்தான் பாடசாலைக்கு.

இது நம் திருச்சபைக்குப் புதிய யோசனையும் அல்ல. புனித இரண்டாம் ஜோன் போல் பாப்பரசர் 1986 நவம்பர் 29 அன்று அலிஸ் ஸ்பிரிங்ஸில் பூர்வகுடி மக்களையும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களையும் சந்தித்தபோது தெளிவாகவே சொல்லிவிட்டார்: நீங்கள் உங்கள் பங்கை அளித்து, மற்றவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும்வரை, அவுஸ்திரேலியத் திருச்சபை இயேசு விரும்புகிற திருச்சபையாக முழுமையடையாது என்று. இதில் 'மற்றவர்கள்' என்பது நாம். ஏற்றுக்கொள்வது நம் கடமை. அந்த உரையை முழுதாகத் தேடி ஒருமுறை வாசியுங்கள். தலைமைப் பொறுப்பு ஏற்கிற ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய உரை அது.

யாருடைய நிலத்தில் நிற்கிறீர்கள்

முதல் வேலை இதுதான். ஐரோப்பியர் வருமுன் இந்த நாட்டில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. 'பூர்வகுடி மக்கள்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் யாரையும் அறிந்துகொள்ள மாட்டீர்கள். பூர்வகுடி மக்களைப் பற்றி ஆராயும் கன்பராவின் அயாட்சிஸ் நிறுவனம் வெளியிட்ட, எந்த நிலம் எந்த மக்களுடையது என்று காட்டும் வரைபடம் தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் அது எல்லைகளைத் துல்லியமாகக் காட்டுவதற்காக வரைந்தது அல்ல. விக்டோரியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 ஜூலையில் இங்குள்ள பூர்வகுடி மரபுரிமைப் பேரவை மெல்பேர்னைச் சுற்றிய எல்லைகளைத் திருத்தியது. மாநகர மையம் வுருன்ட்ஜெரி மக்களுக்கும், தெற்கே சென்ட் கில்டா போன்ற பகுதிகள் புனுரொங் மக்களுக்கும் உரியவை என்று பிரிந்தன. அதற்கு முன்பு அச்சடித்த பெயர்ப்பலகையும் செப அட்டையும் உங்கள் பாடசாலையில் இருந்தால் ஒருமுறை சரிபாருங்கள்.

பெயர் தெரிந்ததும் அந்த நிலத்தைப் போய்ப் பாருங்கள். மெல்பேர்ன்காரர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் எம்.சி.ஜி. எனும் கிரிக்கெட் மைதானம். நம்மில் எத்தனையோ பேர் இந்தியாவோ இலங்கையோ ஆடுகிறது என்றால் அங்கே ஓடியிருப்போம். மைதானத்துக்கு வெளியே, யாரா பூங்காவில், வடு விழுந்த பழைய மரங்கள் நிற்கின்றன. ஓடத்துக்கும் கேடயத்துக்கும் ஏந்து கலத்துக்கும் மரத்தைச் சாய்க்காமல் பட்டையை மட்டும் உரித்தெடுப்பது அந்த மக்களின் வழக்கம். அந்த இடத்தில் உள்மரம் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாகத் தெரியும். அதைச் சுற்றி, பட்டை உதடுபோல் தடித்து உள்நோக்கி வளர்ந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது அந்த விளிம்பிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன். தேவையான அளவு எடுத்தார்கள், மரத்தை வாழவிட்டார்கள். 'லௌதாத்தோ சி' சுற்றுமடலின் 146ஆம் பத்தியில் பாப்பரசர் பிரான்சிஸ் பூர்வகுடி மக்களைப் பற்றி எழுதியதும் இதையொட்டித்தான்: அவர்களுக்கு நிலம் விற்பனைப் பொருள் அல்ல, கடவுளும் முன்னோரும் தந்த கொடை. அந்தப் பத்தியைப் பலமுறை வாசித்தவள் நான். மரத்தடியில் நின்றபோதுதான் அது எனக்குச் செபமானது.

வரலாற்றைச் சுற்றிப் போகாதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போக ஆசை வரும். பிள்ளைகளுக்கு அழகான பக்கத்தை மட்டும் காட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆன்மீக வளர்ச்சி என்ற பேச்சுக்கு நேர்மை வேண்டுமானால் இது வழியாகத்தான் போகவேண்டும்.

உங்களுக்கு அருகில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஹீல்ஸ்வில் அருகே இருந்த கொரன்டெர்க். 1863இல், வுருன்ட்ஜெரி முதலான இனங்கள் சேர்ந்த குலின் மக்கள் குடியேறி, காடு வெட்டி, பயிர் செய்து, தங்கள் கையால் எழுப்பிய ஊர் அது. நிலத்தின் மதிப்பு ஏறியதும் அவர்களைக் கிளப்பப் பார்த்தார்கள். வுருன்ட்ஜெரி மூத்தவர் வில்லியம் பராக்கும் மற்றவர்களும் மெல்பேர்ன்வரை நடந்தே போய் முறையிட்டார்கள், மனு மேல் மனு எழுதினார்கள். 1881இல் அரசு விசாரணையே நடந்தது. ஆனாலும் 1886ஆம் ஆண்டுச் சட்டம் கலப்பு வம்சத்தவர் என்று முத்திரை குத்தி இளையவர்களை வெளியேற்றியது. உழைக்கும் கைகள் போனபின் ஊர் எப்படி நிற்கும்? 1924இல் அதை மூடினார்கள். நிலம் பறிபோவதும் குடும்பம் சிதறுவதும் என்னவென்று இலங்கைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. அதனாலேயே அந்த மனுக்களை நாம் கூடுதல் கவனத்தோடு வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நம் வீட்டுக்குள்ளும் பார்க்கவேண்டும். மேற்கு அவுஸ்திரேலியாவில் நியூ நோர்சியா, பீகிள் பே போன்ற இடங்களில் கத்தோலிக்க மிஷன்கள் இருந்தன. பீகிள் பே ஆலயத்தின் பீடம் முத்துச்சிப்பியால் இழைத்தது, பார்த்தால் கண்ணெடுக்க முடியாது. அதே பீகிள் பேக்குத்தான் பெற்றோரிடமிருந்து பிரித்த பிள்ளைகளையும் கொண்டுவந்தார்கள். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். 1997இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தேசிய விசாரணை அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவரிலிருந்து மூவரில் ஒருவர்வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்தது. அதில் உள்ள சாட்சியங்களை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. தவக்காலத்தில் நாளுக்கு ஒன்று வாசியுங்கள், வாசித்தபின் ஒன்றும் பேசாமல் இருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். 'என் பாவமே' என்று திருப்பலியில் நெஞ்சில் தட்டுவது இப்போது எனக்குத் தனி ஆளின் கணக்காகப் படுவதில்லை.

உட்கார்ந்து கேட்கும் பயிற்சி

அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் டேலி ஆற்றங்கரையில் நௌயூ என்ற ஊர். அங்கே பிறந்து, அந்தப் பிரதேசத்தின் முதல் முழுத் தகுதிபெற்ற பூர்வகுடி ஆசிரியராகி, பின்பு அதே ஊரின் கத்தோலிக்கப் பாடசாலைக்கு அதிபரானவர் மிரியம்-ரோஸ் அன்கன்மெர்-பௌமான். ஓவியர். தம் மக்களின் நடையில் சிலுவைப்பாதையை வரைந்தவர். 2021இல் அவுஸ்திரேலியாவின் ஆண்டின் சிறந்த மூத்த குடிமகளாகத் தெரிவானவர். இப்படி ஒருவர் நமக்கு முன்னால் நம் பதவியில் இருந்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

அவர் 1988இல் உலகோடு பகிர்ந்துகொண்டது 'தாதிர்ரி' என்ற கொடை. ஆழ்ந்து கேட்பது, அமைதியாக விழித்திருப்பது. தம் மக்கள் மௌனத்துக்கு அஞ்சுவதில்லை, அவசரப்படுத்துவதில்லை, ஆற்றின் ஓட்டத்தோடும் பருவங்களோடும் காத்திருக்கிறார்கள் என்கிறார் அவர். இது அவருடைய மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். வுருன்ட்ஜெரி நிலத்தில் இருந்துகொண்டு நான் இதைப் பயன்படுத்தும்போது, எங்கிருந்து யாரால் வந்தது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள்.

செய்யும் விதம் எளிது, செய்வதுதான் கடினம். முதலில் தனியாக. பாடசாலை திறக்குமுன், கார்க் கதவைப் பூட்டியபின், அலுவலகத்துக்குப் போகாமல் வளவுக்குள் ஓர் இடத்தில் உட்காருங்கள். எப்போதும் ஒரே இடம். கைபேசி காருக்குள் இருக்கட்டும். செபமாலையும் வேண்டாம், திருப்பாடலும் வேண்டாம். எனக்குத் தெரியும், நம் வளர்ப்புக்கு இது நெருடும். வாயால் சொல்லாத செபத்தைச் செபமென்றே எண்ணாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஆனாலும் உட்காருங்கள். முதல் வாரங்களில் காதில் விழுவது நெடுஞ்சாலை இரைச்சலும், அன்றைக்குச் செய்யவேண்டிய வேலைப் பட்டியலும்தான். கொஞ்ச நாளில் மக்பைப் பறவை எந்த மரத்தில் இருந்து கூப்பிடுகிறது என்று தெரியவரும். பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நேற்றைக்கு இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்பது. எலியா ஓரேபு மலையில் காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் காணாத கடவுளை மெல்லிய ஒலியில் கண்டார் என்பதை மறையுரைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம். எலியா அந்தக் குகையில் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார் என்று நான் யோசிக்கத் தொடங்கியது இந்த உட்காரலுக்குப் பிறகுதான்.

இது உங்களுக்குள் ஊறியபின் ஆசிரியர்களோடு செய்யுங்கள். வாரக் கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் வெளியே. முன்னுரை ஒரு வரிக்கு மேல் வேண்டாம். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். முடிந்ததும் 'என்ன உணர்ந்தீர்கள்' என்று வட்டமாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள், கேட்டால் அடுத்த வாரம் எல்லாரும் சொல்வதற்கு ஏதாவது தயாரித்துக்கொண்டு வருவார்கள். மழை பெய்தால் தாழ்வாரத்தில் உட்காருங்கள், மழையைக் கேட்கலாம்.

இதன் பலன் எனக்குத் தெரிந்தது செபத்தில் அல்ல, அலுவலகத்தில். கோபத்தோடு வரும் தாயிடம் பதில் தேடிக்கொண்டே தலையாட்டுவது நின்றது. அவர் முடித்தபின்னும் கொஞ்சம் விட்டுப் பார்ப்பேன். உண்மையான கவலை அநேகமாக அந்த இடைவெளியில்தான் வெளிவரும். தண்டனைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையிடமும் அதே மாதிரி. கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு நெருக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று முகத்தில் தெரியும்.

மூத்தவர்களை அழைப்பது

பெரும்பாலான அதிபர்கள் மே மாதக் கடைசியில்தான் மூத்தவர்களைத் தேடுகிறார்கள். மே 27 முதல் ஜூன் 3 வரை தேசிய நல்லிணக்க வாரம், ஜூலையில் பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டொக் வாரம். அந்த நாட்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நீங்கள் பெப்ரவரியில் போங்கள். வேண்டுகோள் எதுவும் கொண்டுபோகாதீர்கள். உள்ளூர்ப் பூர்வகுடிக் கல்வி ஆலோசனைக் குழு, மறைமாவட்டத்தின் பூர்வகுடிக் கத்தோலிக்கப் பணியகம், சமூக நிகழ்ச்சிகள் என்று எல்லாருக்கும் திறந்திருக்கும் கதவுகள் உண்டு. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, நாற்காலி அடுக்க உதவி செய்து, தேநீர் குடித்து வாருங்கள். திரும்பத் திரும்பப் போங்கள். உங்கள் முகம் பழகட்டும்.

'ஆன்ட்டி', 'அங்கிள்' என்பது அங்கே மூத்தவர்களுக்கு அவர்கள் சமூகம் கொடுக்கும் மரியாதை. நாமாக எடுத்த எடுப்பில் சொல்லிவிடாமல், எப்படி அழைக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'வெல்கம் டு கன்ட்ரி' என்று தங்கள் நிலத்துக்கு வருவோரை வரவேற்கும் உரையைச் சொல்வதற்கு உரிமை அந்த நிலத்துக்குரியவருக்கு மட்டும். வுருன்ட்ஜெரி நிலத்தில் அவர்களுடைய கூட்டுத்தாபனத்தின் மூலம் பதிவுசெய்யலாம். கட்டணம் உண்டு, பேரம் பேசாதீர்கள். வெளியிலிருந்து வரும் பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், இவர்களிடம் மட்டும் 'பிள்ளைகளுக்காகத்தானே' என்று இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

எங்கள் பகுதி மூத்தவர் ஒருவர் முதல் தடவை பாடசாலைக்கு வந்த அன்று, நூலகத்தில் தேநீரும் கேக்கும் வைத்திருந்தோம். அவர் நேரே பின்வேலிக்குப் போனார். அங்கே ஒரு பெரிய செம்பிசின் யூக்கலிப்டஸ் மரம் நிற்கிறது, பாடசாலையைவிட நூறு வயதாவது கூடியது. அடிமரத்தில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றார். நாங்களும் நின்றோம். பிறகு என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பிள்ளைகளுக்கு அவர் சொன்ன எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விதான் எங்கள் பாடசாலையில் நிலைத்தது. இப்போது ஐந்தாம் வகுப்பு அந்த மரத்துக்குப் பொறுப்பு. உதிரும் பட்டையைப் பெருக்கிக் குப்பையில் போடாமல் அப்படியே விடுகிறார்கள், பல்லிகளுக்கும் பூச்சிகளுக்கும் அது வீடு.

திருவழிபாட்டு ஆண்டும் இந்த மண்ணின் பருவங்களும்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் பாட்டுகளும் அட்டைகளும் உயிர்ப்புப் பெருவிழாவை வசந்தத்தோடு சேர்க்கின்றன. இங்கே அது இலையுதிர் காலத்தில் வருகிறது. நான்கு பருவக் கணக்கே இந்த மண்ணுக்குப் பொருந்தாது. யாரா ஆற்றின் மேற்பகுதிக்குக் குலின் மக்களின் அறிவில் ஏழு பருவங்கள் உண்டு. பேர்த்தில் இருப்பவர்களுக்கு நூங்கார் மக்களின் ஆறு: பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங். உங்கள் ஊருக்கு என்ன என்று தேடி, திருவழிபாட்டு நாட்காட்டியின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

மார்ச் மாதம் குலின் கணக்கில் விலாங்குப் பருவம். ஓடைகளில் வளர்ந்த குட்டைத்துடுப்பு விலாங்குகள் அப்போது கடலை நோக்கி இறங்கத் தொடங்கும். வடக்கே பவளக்கடல் வரை நீந்திப்போய், முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடும். அவற்றின் குஞ்சுகள் கண்ணாடிபோல் நிறமில்லாமல் நீரோட்டத்தோடு திரும்பிவந்து, தாய் ஒருபோதும் காட்டித்தராத ஓடைகளில் ஏறும். விக்டோரியாவின் தென்மேற்கில் குன்டிஜ்மாரா மக்கள் இந்த விலாங்குகளுக்காகவே எரிமலைக் கற்களால் வாய்க்காலும் பொறியும் கட்டினார்கள். பட்ஜ் பிம் என்ற அந்த இடத்தின் வயது ஏறக்குறைய 6,600 ஆண்டு. 2019இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் பாடசாலைக்குப் பின்னாலுள்ள ஓடைக்குத் தவக்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். 'கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால்' என்ற நற்செய்தியை அங்கே வாசிப்போம். கோதுமை வயலைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு ஓடையைப் பார்த்தவுடன் அது புரிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இயற்கையை வைத்துச் செபிப்பது வேறு, அவர்களுடைய படைப்புக் கதைகளை எடுத்து நம் மறைக்கல்விக்குள் செருகுவது வேறு. பன்ஜில் என்ற கழுகு குலின் நிலத்தைப் படைத்த கதையைக் கேட்டால் அப்படியே கேளுங்கள். 'இது நம் ஆதியாகமம்தான்' என்று உடனே மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது அவர்களுடையது. சாம்பிராணி போடுகிறோமே என்று புகைச் சடங்கை நாமே நடத்துவதும், புள்ளி ஓவியத்தைப் பிள்ளைகளைப் போடச்சொல்வதும் கூடாது. காலமானவர்களின் பெயரையும் படத்தையும் காட்டுமுன் குடும்பத்திடம் கேட்க வேண்டும்.

பேசாமல் இருக்கவேண்டிய நேரம்

2023 அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடி மக்களின் 'குரல்' என்ற அமைப்புக்கு அரசியலமைப்பில் இடம் கேட்ட சர்வசன வாக்கெடுப்பு தோற்றது. பூர்வகுடித் தலைவர்கள் பலர் ஒரு வார மௌனம் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை ஆசிரியர்களுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்ற அழுத்தம் எனக்கும் இருந்தது. அறிக்கை வெளியிடவில்லை. எங்கள் பூர்வகுடிக் குடும்பங்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேசி, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். மாலையில் விருப்பமான ஆசிரியர்கள் மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். அப்படியொரு வாரத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியவேண்டும் என்றால், அதற்கு முன்பே எத்தனையோ சாதாரண வாரங்களில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனிப் பாடசாலைக்கு

இவ்வளவும் நடந்தபின் நல்லிணக்கத் திட்டத்தைக் கையில் எடுங்கள். ரிகன்சிலியேஷன் அவுஸ்திரேலியா என்ற நல்லிணக்க அமைப்பின் நராகுனவாலி இணையதளத்தில் பாடசாலைகளுக்கான வழிமுறை முழுதாக இருக்கிறது, அதை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. கத்தோலிக்கப் பாடசாலைக்கு மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் ஞாயிறு திருச்சபையில் பூர்வகுடி மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் ஞாயிறு. 1992இல் ஆயர்களின் அங்கீகாரம் பெற்ற அவர்களுடைய தேசியக் கத்தோலிக்கப் பேரவையான நாட்சிக் அதற்கான வழிபாட்டுக் கையேட்டைத் தருகிறது, பங்குத்தந்தையிடம் ஜூன் தொடக்கத்திலேயே கதைத்துவிடுங்கள். இரண்டாவது, காலைக் கூட்டத்தில் நிலத்துக்குரிய மக்களை நினைவுகூரும் வரிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். எங்கள் பிள்ளைகளின் வரிகளில் ஓடையின் பெயரும் மரமும் வரும், தவணைக்கு ஒருமுறை மாற்றி எழுதுவார்கள்.

மூன்றாவது பணம். மூத்தவர்களுக்கான கட்டணம், ஆசிரியர்கள் நிலத்துக்குப் போய்க் கற்கும் நாளுக்கான மாற்று ஆசிரியர் செலவு, இரண்டையும் வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக வையுங்கள். மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்று விட்டால் அக்டோபரில் அது காணாமல் போயிருக்கும். நீங்கள் மாற்றலாகிப் போகும்போது ஒப்படைக்கும் கோப்பில் முதல் பக்கமாக, அனுமதி பெற்று, எந்த மூத்தவர்களோடு உறவு இருக்கிறது, அடுத்த அதிபர் முதல் மாதத்திலேயே யாரைப் போய்ச் சந்திக்கவேண்டும் என்று எழுதிவையுங்கள். முடிந்தால் நீங்களே அவரைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள்.